ஓவியமும் ஏகபோகமும்: வில்டென்ஸ்டைன் வணிகக் குடும்பம் பற்றிய சில குறிப்புகள்

கார்ல் மார்க்ஸ் 'மூலதனம்' நூலின் மூன்றாம் பாகத்தில் நிலவாரம் பற்றிய ஆய்வைத் தொடங்குமிடத்து, போகிற போக்கில் ஒரு குறிப்பை எழுதிச் செல்கின்றார். நிலம் உழைப்பினால் உண்டானதன்று. தொல்பொருள்களும் குறித்த சில கலைஞரின் ஆக்கங்களும் உழைப்பினால் மீண்டும் உண்டாக்கப்பட முடியாதவை. ஆயினும் இவை யாவற்றுக்கும் விலை உண்டு. அவ்விலை தற்செயலான பல சூழ்நிலைகளின் சேர்க்கையால் அமையலாம். ஒரு பொருள் விற்கப்படுவதற்கு, அது ஒருவரது ஏகபோக உடைமையாகக் கூடியதாகவும் கைமாறக் கூடியதாகவும் இருந்தாற் போதும் என்பதே அக்குறிப்பின் சாரம்.

எமது முற்போக்குத் திறனாய்வு கலைஞனின் வர்க்கச் சார்பு பற்றியும் ஆக்கத்தின் சமூகத் தளம் பற்றியும் நிறையவே பேசியுள்ளது. ஆனால் ஆக்கம் முடிந்தபின், கலைஞன் மறைந்தபின், அந்த ஆக்கம் யாருடைய கையில் இருக்கின்றது, யாருடைய சான்றினால் அதற்கு விலை ஏறுகின்றது என்ற வினாக்கள் எம்மிடையே போதியளவு எழுப்பப்படவில்லை. மார்க்ஸ் 'தற்செயல்' என்று கூறிய அந்தச் சூழ்நிலைகளைத் திட்டமிட்டு ஒழுங்கமைப்பதையே தொழிலாகக் கொண்டு ஒன்றரை நூற்றாண்டு காலம் தழைத்த குடும்பம் ஒன்றுண்டு. பரிஸ் நகரின் வில்டென்ஸ்டைன் குடும்பமே அது. அதன் வரலாற்றை ஓர் உதாரணமாகக் கொண்டு இவ்வினாக்களை இங்கு நோக்குவோம்.

குடும்பத்தின் மூலவர் நதான் வில்டென்ஸ்டைன் 1851இல் அல்சாஸ் மாநிலத்தின் பெகர்ஷைம் என்னும் ஊரில், யூதக் குடும்பமொன்றிற் பிறந்தவர். 1870-71 போரில் பிரான்ஸ் தோற்று அல்சாஸ் ஜேர்மனியின் வசமானபோது, அவர் பிரெஞ்சுக் குடியுரிமையைத் தெரிந்து ஊரை விட்டு வெளியேறினார். வித்ரி-ல-பிரான்சுவா என்ற சிறு நகரில் துணி வணிகத்தில் ஈடுபட்டிருந்தபோது, வாடிக்கையாளர் ஒருவர் சில ஓவியங்களை விற்றுத்தரும்படி கேட்டார் என்றும், ஓவியம் பற்றி ஏதும் அறியாத நதான் லூவர் அரும்பொருளகத்திற் பத்து நாட்களைக் கழித்து அக்கல்வியைப் பெற்றார் என்றும் குடும்ப மரபுக் கதை கூறும். 1875 அளவில் அவர் ஓவிய வணிகரானார். பத்து நாட் கதை எவ்வளவுக்கு உண்மையோ, இத்தகைய கதைகளைத் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவரும் குடும்பங்கள் தமது செல்வத்துக்குக் 'கண்' என்றொரு பெயரை வைத்துவிடுகின்றன என்பது கவனிக்கத்தக்கது. நல்ல ஓவியத்தை இனங்காணும் கண் தந்தையிடமிருந்து மகனுக்கு இரத்தத்தோடு வந்தது என்ற நம்பிக்கை, மூலதனம் வந்த வழியை மறைத்துவிடுகின்றது.

அந்த வழியை நாம் வேறிடத்திலே தேடவேண்டும். 1870களின் பின்னர் அமெரிக்கச் சமவெளிகளின் கோதுமை, புகையிரதத்தாலும் நீராவிக் கப்பலாலும் மிக மலிவாக ஐரோப்பாவை வந்தடைந்தது. தானிய விலை வீழ்ந்தது. தானிய விலையோடு நிலவாரமும் வீழ்ந்தது. வாரத்தை நம்பி வாழ்ந்த பிரபுக்கள், பரம்பரை மாளிகைகளின் சுவர்களை அண்ணாந்து பார்க்கத் தொடங்கினர். இங்கிலாந்தில் 1882ஆம் ஆண்டுச் சட்டமொன்று, அதுவரை பிரிக்கமுடியாதிருந்த பரம்பரைச் சொத்துக்களை விற்பதற்கு வழி திறந்தது. மூன்றாண்டுகளுக்குள், 1885இல், மார்ல்பரோ கோமகன் தம்மிடமிருந்த ரபேலின் ஓவியமொன்றை லண்டன் தேசிய ஓவியக்கூடத்துக்கு 70,000 பவுணுக்கு விற்றார். பிரான்ஸில் இந்நிகழ்வு வேறு வடிவில், புரட்சியின் பின் எஞ்சியிருந்த பிரபுக் குடும்பங்களிடையே நிகழ்ந்தது. மறுபுறத்தில், கோதுமையை ஏற்றிவந்த புகையிரதப் பாதைகளுக்கும் அவற்றுக்கு உருக்கு வழங்கிய ஆலைகளுக்கும் கடன் கொடுத்த வங்கிகளுக்கும் உரியவர்கள் நியூயோர்க்கில் மாளிகைகள் கட்டிக்கொண்டிருந்தனர். ஒரே கோதுமை ஒரு கரையில் ஓவியத்தைச் சுவரிலிருந்து இறக்கிற்று. மறு கரையில் அதைத் தொங்கவிடச் சுவரை எழுப்பிற்று. இடையிலே நின்றவர் வணிகர். 1903இல் நதான், ஏர்னெஸ்ட் கிம்பெல் என்ற பங்காளியுடன் நியூயோர்க்கிற் கிளை திறந்தமை இப்பின்னணியிலேயே பொருள்பெறுகின்றது. 1909இல் அமெரிக்கா இருபது ஆண்டுக்கு மேற்பட்ட கலைப்பொருள்களுக்கான சுங்கவரியை நீக்கியபோது அந்த வாயில் அகலத் திறந்தது.

நதான் தெரிந்தெடுத்த பொருள் பதினெட்டாம் நூற்றாண்டின் பிரெஞ்சு ஓவியம்: வத்தோ, பூஷே, பிராகொனார், ஷார்தான் முதலியோர். புரட்சிக்குப் பின்னர் பிரபுத்துவக் களியாட்டத்தின் எச்சமென ஒதுக்கப்பட்டிருந்த கலை இது. இதனை நதான் 'மீட்டார்' என்பது மிகைக்கூற்று. கொன்கூர் சகோதரர்கள் அவருக்கு முன்னரே அதுபற்றி விரிவாக எழுதிவிட்டனர். லா காஸ் என்னும் மருத்துவர் தமது சேகரத்தை 1869இல் லூவருக்கு விட்டுச் சென்றபோது வத்தோவும் ஷார்தானும் மக்கள் பார்வைக்கு வந்துவிட்டனர். எழுத்தாளரும் சேகரிப்பாளரும் உருவாக்கிய சுவையை வணிகர் பண்டமாக்கினார் என்பதே பொருத்தம். பிறப்பினாற் பிரபுவாக முடியாத ஆலை அதிபருக்கு, பிரபுவின் வரவேற்பறையை அப்படியே பெட்டியிலிட்டு அனுப்பலாம் என்பதை அவர் கண்டுகொண்டார்.

இதுவரையில் நாம் கண்டது சாதாரண வணிக மூலதனமே: மலிவாக வாங்கி உயர்வாக விற்றல். இக்குடும்பத்தின் தனித்தன்மை இரண்டாந் தலைமுறையிலேதான் தெளிவாகின்றது. 1934இல் நதான் இறந்தபின் முழுப் பொறுப்பையும் ஏற்ற அவர் மகன் ஜோர்ஜ் (1892-1963) அதற்கு முன்னரே தொழிலை விரிவாக்கத் தொடங்கியிருந்தார். லண்டனில் 1925இலும் புவெனஸ் அயர்ஸில் 1929இலும் கிளைகள் திறக்கப்பட்டன. கிளைகளிலும் முக்கியமானது கையிருப்பு. ஏனைய வணிகர் வாங்கியதை விரைவில் விற்று முதலைத் திருப்பினர். வில்டென்ஸ்டைன்களோ வாங்கியதைப் பல ஆண்டுகள், சிலவேளை தலைமுறைகள்கூட, வெளியே காட்டாது வைத்திருந்தனர். அரிசியைப் பதுக்குபவனை நாம் எளிதில் இனங்காண்கின்றோம். ஓவியத்தைப் பதுக்குபவன் 'சேகரிப்பாளன்' எனப் பெயர் பெறுகின்றான். அரிசி கெட்டுவிடும், ஓவியமோ இருக்க இருக்க விலையேறும் என்ற வேறுபாடு இங்கு மிகவும் பொருளுடையது. நிலக்கிழார் நிலத்தை வைத்திருப்பதுபோல் இவர்கள் ஓவியத்தை வைத்திருந்தனர். வணிக இலாபம் மெல்ல மெல்ல வாரத்தின் தன்மையைப் பெற்றது.

ஆயினும், எமது நோக்கில், ஓவியக் கையிருப்பினும் வலிமையான வேறொரு கையிருப்பை ஜோர்ஜ் உருவாக்கினார். அது அறிவின் கையிருப்பு. பழைய ஏலப் பட்டியல்கள், ஓவியரின் கடிதங்கள், வணிகரின் கணக்கேடுகள், பல்லாயிரக்கணக்கான புகைப்படங்கள் யாவும் சேர்க்கப்பட்டன. 1859இல் தோன்றிய 'கஸெற் டே போஸார்' என்னும் புகழ்பெற்ற கலைவரலாற்று ஏடு 1928இல் அவர் வசமாயிற்று. அத்துடன் நில்லாது, தாமே ஆய்வாளராகி, மனே பற்றிய ஆய்வுப் பட்டியலை 1932இல் வேறிருவருடன் இணைந்தும், ஷார்தான் பற்றியதை 1933இல் தனித்தும், பின்னர் ஆங்கிர், பிராகொனார் முதலியோர் பற்றியவற்றையும் வெளியிட்டார். கோகன் பற்றிய பட்டியல் அவர் மறைந்த பின் 1964இல் வெளிவந்தது.

ஆய்வுப் பட்டியல் என நாம் இங்கு குறிப்பிடுவது, ஓர் ஓவியர் தம் வாழ்நாளில் வரைந்தவை எனக் கொள்ளத்தக்க ஆக்கங்கள் அனைத்தையும் எண்ணிட்டு, ஒவ்வொன்றின் காலம், அளவு, உடைமை வரலாறு, காட்சிக்கு வைக்கப்பட்ட இடங்கள் ஆகியவற்றைத் தொகுத்துத் தரும் நூலாகும். கலைவரலாற்றுக்கு இது அடிப்படைக் கருவி, இன்றியமையாத உழைப்பு. ஆனால் சந்தையில் இந்நூலுக்கு இன்னொரு தொழிற்பாடு உண்டு. பட்டியலில் இடம்பெற்ற ஓவியம் ஓவியம். இடம்பெறாதது வெறும் வண்ணம் பூசிய துணி. ஒரு பக்கத்தில் அச்சான ஓர் எண், கோடிக்கணக்கான டொலரை உண்டாக்கவோ இல்லாதாக்கவோ வல்லது. மேலும், பட்டியலுக்கான தகவல் தேடும் ஆய்வாளன் எந்த வீட்டில் எந்த ஓவியம் தொங்குகின்றது, அது யாரிடமிருந்து யாருக்குச் சென்றது என்பவற்றையெல்லாம் அறிந்துகொள்கின்றான். அறிவியலுக்கு அது அடிக்குறிப்பு. வணிகனுக்கு அதுவே அடுத்த கொள்முதலின் முகவரி. ஆய்வாளனும் வணிகனும் ஒருவனேயாகும்போது இவ்விரண்டுக்குமிடையே கதவு இல்லாது போய்விடுகின்றது.

வால்ரர் பெஞ்சமின், இயந்திர மறுபதிப்பின் காலத்திற் கலைப்பொருளின் தனித்துவ ஒளிவட்டம் மங்கிவிடும் என 1936இல் எழுதினார். முற்போக்காளர் பலரும் மேற்கோளாக எடுத்தாளும் கருத்து இது. வில்டென்ஸ்டைன் வரலாறு இதற்குத் திருத்தமொன்றை வேண்டி நிற்கின்றது. மொனேயின் அல்லிக்குளம் நாட்காட்டியிலும் பிஸ்கற் தகரத்திலும் ஏறியபின் மூலத்தின் விலை குறையவில்லை, பன்மடங்கு ஏறியது. ஆய்வுப் பட்டியல் என்பதே புகைப்படங்களின் தொகுப்புத்தான். ஒளிவட்டத்தை அழிக்கவேண்டிய மறுபதிப்பு, எது மூலம் என்பதைக் காவல்செய்யும் வாயிற்காப்போனாகிவிட்டது. பெஞ்சமின் தவறிவிட்டார் என்பதன்று எமது கருத்து. மறுபதிப்புக் கருவியின் உடைமை யாரிடம் என்ற வினாவை அவர் திரைப்படத்துக்கு எழுப்பிய அளவுக்கு ஓவியத்துக்கு எழுப்பவில்லை.

ஒரு சிறு விலகல். 1938 ஜனவரியில் பரிஸில் நடந்த சர்வதேச மீமெய்வாதக் கண்காட்சி, பூர்ஷ்வாச் சுவையை உடைத்தெறியும் நிகழ்வாக இலக்கிய வரலாறுகளிற் பேசப்படுகின்றது. மார்சல் டுஷாம்ப் நிலக்கரிச் சாக்குகளைக் கூரையிலிருந்து தொங்கவிட்டது அங்கேதான். அந்த மண்டபம் ஜோர்ஜ் வில்டென்ஸ்டைனுக்கு உரியது. கலகமும் வாடகைக்கு இடம் தேடவேண்டியிருக்கின்றது.

போர்க்காலத்தைப் பற்றிப் பேசும்போது நிதானம் வேண்டும். 1940இல் பிரான்ஸ் வீழ்ந்தபின் ஜோர்ஜ் யூதர் என்பதனால் குடியுரிமை பறிக்கப்பட்டார். சேகரத்தின் ஒரு பகுதியை நாசிகள் கைப்பற்றினர். 1941இல் அவர் நியூயோர்க் சேர்ந்தார். பரிஸ் நிறுவனம் அவரிடம் பணிபுரிந்த ரோஜே டெக்வா என்பவரின் பெயருக்கு மாறியது. டெக்வா ஹிட்லருக்கு ஓவியம் வாங்கிய கார்ல் ஹாபர்ஸ்டொக் முதலியோருடன் வணிகம் செய்தார். இத்தொடர்பில் ஜோர்ஜுக்கும் பங்குண்டு என்ற கருத்தை எக்டர் பெலிசியானோ 1990களில் வெளியிட்ட நூல் முன்வைத்தது. குடும்பத்தினர் அதனை மறுத்து வழக்குத் தொடர்ந்தனர். 1999இல் பரிஸ் நீதிமன்றம் அவர்களது கோரிக்கையை நிராகரித்தது. இப்பகுதியை எழுதுவோரிற் சிலர், அறிந்தோ அறியாமலோ, 'யூத வணிகர்' என்ற பழைய கேலிச்சித்திரத்துக்குள் வழுக்கி விழுகின்றனர். இது மார்க்சியமன்று, மார்க்சியத்தின் மறுதலிப்பு. நதானின் பங்காளி கிம்பெலின் மகன் ரெனே கிம்பெலும் அல்சாஸ் யூத மரபினர். அவரும் ஓவிய வணிகரே. அவர் எதிர்ப்பியக்கத்தில் இணைந்து, கைதாகி, 1945இல் நொயென்காம முகாமில் மாண்டார். ஒரே தொழிலும் ஒரே மரபும் வெவ்வேறு மனிதரை வெவ்வேறு இடங்களுக்கு இட்டுச் சென்றன. நாம் ஆராய்வது ஒரு தொழிலின் அமைப்பை. ஓர் இனத்தின் இயல்பை அன்று.

போருக்குப் பின்னர் குடும்பத்துக்கும் அரசுக்குமிடையிலான உறவு சிக்கலாகியது. ஜோர்ஜ் டி லா தூர் வரைந்த 'குறிசொல்பவள்' என்ற ஓவியத்தை வில்டென்ஸ்டைன் நிறுவனம் 1949இல் வாங்கி, 1960இல் நியூயோர்க் மெற்றோபொலிற்றன் அரும்பொருளகத்துக்கு விற்றது. தேசியச் செல்வமொன்று எவ்வாறு நாடுகடந்தது என்று பிரான்ஸில் எழுந்த கூக்குரலுக்குப் பண்பாட்டமைச்சர் அந்த்ரே மல்றோ நாடாளுமன்றத்தில் விளக்கமளிக்க நேர்ந்தது. தேசம் என்பது ஓவியத்தைப் பொறுத்தவரை ஏற்றுமதி அனுமதிப் பத்திரத்தில் மட்டும் வாழ்கின்றதோ என்று எண்ணத் தோன்றுகின்றது.

மூன்றாந் தலைமுறையினரான டேனியல் (1917-2001) 1971இல் பிரெஞ்சு நுண்கலைக் கழகத்தின் உறுப்பினரானார். நூலாசிரியராகவும் பந்தயக் குதிரைகளின் உரிமையாளராகவும் அவர் பெயர் பெற்றிருந்தார், குதிரைகளை விட்டுவிடலாம். 1974 தொடக்கம் 1991 வரை ஐந்து பாகங்களாக வெளிவந்த மொனே ஆய்வுப் பட்டியல் அவர் பெயரைத் தாங்கியது. ஊதியம் பெற்ற ஆய்வாளர் பலரின் உழைப்பு அதனுள் அடங்கியிருக்கின்றது. அந்நூல்களின் தரத்தை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. மொனே பற்றி எழுதுவோர் எவரும், அவர் மார்க்சியராயினும், அவற்றைத் திறக்காமல் ஒரு பக்கமும் எழுதமுடியாது. இடர்ப்பாடு இங்கேதான் இருக்கின்றது. பொய்யான அறிவு என்றால் அதனை அம்பலப்படுத்திவிட்டுப் போகலாம். இதுவோ பெரும்பாலும் மெய்யான அறிவு. தனியுடைமையாகிவிட்ட மெய்யான அறிவு.

அதன் விளைவை 2011இல் இங்கிலாந்து மக்கள் தொலைக்காட்சியிற் கண்டனர். மொனேயின் கையொப்பமுடைய, சேன் நதிக்கரைக் காட்சியொன்றின் உரிமையாளர் அதனைப் பட்டியலிற் சேர்க்குமாறு நெடுங்காலம் வேண்டிவந்தார். பி.பி.சி. நிகழ்ச்சியொன்று ஆய்வுகூடச் சோதனைகளையும் உடைமை வரலாற்றையும் திரட்டியது. மொனே அறிஞர் சிலர் மெய்யோவியம் என்றனர். டேனியல் முன்னரே மறுத்திருந்தார்; அவர் மகன் கீயின் தலைமையிலிருந்த வில்டென்ஸ்டைன் நிறுவகமும் மறுத்தது. சொதபீஸ், கிறிஸ்டீஸ் போன்ற ஏல நிறுவனங்கள் அப்போது நிறுவகத்தின் ஏற்பின்றி மொனே ஓவியத்தை மொனேயாக விற்கவில்லை. மறுத்தவர் சரியாகவும் இருக்கலாம். எமது வினா, அவர் சரியா பிழையா என்பதன்று. ஆதாரங்களை ஒரு சபையின் முன் வைத்து வாதிடவேண்டிய ஒரு விடயம் எவ்வாறு ஒரு குடும்பத்தின் விருப்பாக மாறியது என்பதே. மொனே ஓவியங்களை விற்கும் குடும்பமே எவை மொனே ஓவியங்கள் என்றும் தீர்ப்பளித்தது. வேறெந்தத் துறையிலாவது இதனை நாம் ஆய்வு என ஏற்போமா?

நிலவாரத்துக்கு அரசின் துணை எவ்வளவு தேவையோ அவ்வளவு இதற்கும் தேவைப்பட்டது. பரம்பரைச் சொத்து வரியைக் கலைப்பொருளாகச் செலுத்தலாம் என்று 1968இல் பிரான்ஸில் சட்டம் வந்தது. அரும்பொருளகங்கள் இதனாற் பெரும் பயன் பெற்றன என்பதையும் கூறவேண்டும். 1981இல் ஆட்சிக்கு வந்த சோஷலிசக் கட்சி பெருஞ்செல்வ வரியை விதித்தபோது கலைப்பொருள்களுக்கு அதிலிருந்து விலக்களிக்கப்பட்டது. அப்போது வரவுசெலவுக்குப் பொறுப்பான அமைச்சராயிருந்த லோறான் பாபியுஸ் பழம்பொருள் வணிகக் குடும்பமொன்றைச் சேர்ந்தவர். காரணகாரியத் தொடர்பு எதனையும் நாம் கூறவில்லை. தொழிற்சாலைப் பங்குக்கு வரி, மொனேக்கு வரியில்லை என்ற நிலை ஒரு சோஷலிச அரசினாலேயே தோற்றுவிக்கப்பட்டது என்பதைப் பதிவுசெய்கின்றோம்.

டேனியல் 2001இல் இறந்தபின் மக்களான அலெக்கும் கீயும் 2002இல் சொத்தை ஏறத்தாழ 4 கோடி யூரோ என அறிவித்தனர். மரி அந்துவனெத் அரசிக்காகச் செதுக்கப்பட்ட புடைப்புச் சிற்பங்களை வரியாக அரசிடம் கையளித்தனர். ஓவியங்களிற் பெரும்பகுதி பகாமாஸ் முதலிய இடங்களில் அமைந்த நம்பிக்கைப் பொறுப்பு நிதியங்களின் பெயரில் இருந்தது. இவ்வமைப்பு வெளிச்சத்துக்கு வந்தது இறைவரி அதிகாரிகளின் திறமையால் அன்று. டேனியலின் இரண்டாம் மனைவி, தம்மை ஏமாற்றி உரிமையைத் துறக்கச் செய்தனர் என நீதிமன்றம் சென்றதனால். 2005இல் பரிஸ் மேன்முறையீட்டு நீதிமன்றம் அவருக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தது. ஏகபோகத்தின் மதிலில் முதல் ஓட்டை வீட்டுக்குள்ளிருந்தே விழுந்தது. அதன் பின்னரே அரசு 50 கோடி யூரோவுக்கு மேற்பட்ட தொகையைக் கோரியது. குற்றவியல் வழக்கில் 2017இலும் 2018இலும் கீ விடுவிக்கப்பட்டார். வெளிநாட்டு நிதியங்கள் பற்றிய பிரெஞ்சு வரிச்சட்டம் 2011 வரை தெளிவாக இருக்கவில்லை என்பது முக்கிய காரணம். 2021இல் அதியுயர் நீதிமன்றம் அவ்விடுவிப்பை நீக்கியது. 2024 மார்ச்சில், மீள்விசாரணையின் முடிவில், மேன்முறையீட்டு நீதிமன்றம் அவருக்கு நான்கு ஆண்டுச் சிறைத்தண்டனையும் பத்து இலட்சம் யூரோ தண்டமும் விதித்தது. சிறையில் இரண்டாண்டு ஒத்திவைக்கப்பட்டது, எஞ்சிய இரண்டாண்டு இலத்திரனியற் கண்காணிப்பின் கீழ்.

இவ்வழக்குகளுக்கே செய்தித்தாள்கள் பக்கங்களை ஒதுக்கின. வரி ஏய்ப்பு குற்றமே. ஆனால் அது சட்டத்தின் கண்ணில் அகப்பட்ட பகுதி மட்டுமே. ஆவணங்களின் தனியுடைமையை எந்த நீதிமன்றமும் விசாரிக்கவில்லை, அது குற்றமுமன்று.

அந்த ஆவணங்களின் பெரும்பகுதி இப்போது வேறு கைகளில் இருக்கின்றது. 2016இல் நியூயோர்க்கில், ஜேர்மன் கணினி மென்பொருட் தொழிலதிபர் ஹாஸோ பிளாற்னரின் நிதியோடு, வில்டென்ஸ்டைன் பிளாற்னர் நிறுவகம் இலாப நோக்கற்ற அமைப்பாகத் தோன்றிற்று. ஏலப் பட்டியல்களும் ஆவணங்களும் படிப்படியாக இலத்திரனியல் வடிவில் வெளியிடப்படுகின்றன. கோகன் பற்றிய புதிய ஆய்வுப் பட்டியலைப் பேராதனையிலோ யாழ்ப்பாணத்திலோ உள்ள மாணவர் ஒருவர் பணம் செலுத்தாமற் பார்க்கலாம். விலைமதிப்புள்ள நூல்களை நூலகத்துக்கு வாங்கித்தருமாறு விண்ணப்பித்துக் காத்திருந்த எமக்கு இது சிறிய விடயமன்று. எனினும், ஒரு ஓவியம் பட்டியலிற் சேருமா சேராதா என்பதை முடிவுசெய்யும் குழுக்கள் மூடிய அறைகளிலேயே கூடுகின்றன.